மல்லாந்த ஆமையும் ஒருங்கிணைந்த நல்வாழ்வுச் சட்டமும்

ஒரு காட்டில் சிங்கம் இல்லை. புலி இல்லை. ராஜா என்று சொல்லிக்கொள்ள யாருமே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சட்டமன்றம் இருந்தது. ஓடைக்கரை மருதமரத்தின் கீழ் அது கூடும். யானைதான் சபாநாயகர். உறுப்பினர்கள் பேசுவதையெல்லாம் கேட்கப் போதுமான காது அவரிடம் மட்டுமே இருந்ததால் அவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அந்தக் காட்டின் தென்சரிவில் இரண்டு குடில்கள் இருந்தன. ஒன்று மருத்துவக் குடில். காய்ச்சல், இருமல், இறக்கை முறிவு எல்லாம் அங்கே பார்ப்பார்கள். பொறுப்பில் இருந்தவர் டாக்டர் வைத்தீஸ்வரன் என்கிற உடும்பு. எதிரே இருந்தது பராமரிப்புக் குடில். வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, இரை தேட முடியாதவர்களுக்கு ஊட்டிவிடுவது, முதுகு எட்டாதவர்களுக்குச் சொறிந்துவிடுவது எல்லாம் அங்கே. அதைக் கவனித்துக்கொண்டவர் சொர்ணத்தாய் என்கிற கரடி. இரண்டு குடில்களுக்கும் நடுவே இருபது அடி தூரம். இரண்டு துறைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் கேட்டால் இருவருமே, "அது எங்களுக்கு முன்னாடி இருந்தவங்களுக்குத்தான் தெரியும்" என்பார்கள்.

அதே சரிவில் பொன்னுரங்கம் என்று ஓர் ஆமை இருந்தார். சட்டதிட்டத்துக்கு அவர் கொடுத்த மரியாதையைப்போல யாரும் கொடுத்ததில்லை. வரிசையில் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் வரிசையில் நிற்பார். ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போனால், இதுவரை யாருக்கும் ஆட்சேபணை இல்லையே என்று அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் வாய் வைப்பார்.

ஒரு சித்திரை மாதத்துக் காலையில் பொன்னுரங்கம் சரிவில் கிடந்த மாம்பழம் ஒன்றை எட்டிப் பிடிக்கப் போனார். பழம் உருண்டது. பின்னாலேயே அவரும் உருண்டார். மூன்று குட்டிக்கரணம் அடித்து, அடிவாரத்தில் ஒரு பள்ளத்தில் போய் மல்லாந்து விழுந்தார். ஓடு தரையில், நான்கு கால்களும் வானத்தில்.

பக்கத்துப் புற்றில் குடியிருந்த காந்திமதி என்கிற கீரி சத்தம் கேட்டு ஓடிவந்தாள்.

"என்னண்ணே இது, வயித்துக்கு வெயில் காட்டறீங்களா?"

"விழுந்துட்டேன் தங்கச்சி."

"அவ்வளவுதானே. நகருங்க, ஒரே தள்ளு. திருப்பி விட்டுடறேன்."

"தொடாதே!" என்றார் பொன்னுரங்கம். "முன்கால் வேற வலிக்குது. எதுக்கும் ஒரு முறை இருக்கில்ல? இதுக்குன்னு துறை வச்சிருக்காங்க. நீ போய்ச் சொல்லு, அவங்க வந்து பார்ப்பாங்க."

காந்திமதி மருத்துவக் குடிலுக்கு ஓடினாள். டாக்டர் வைத்தீஸ்வரன் நோய்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, மலச்சிக்கலுக்கும் மலேரியாவுக்கும் அக்கம்பக்கத்தில் நாக்கை நீட்டித் தேடினார்.

"மல்லாந்து கிடக்கறதுன்னு ஒரு நோய் இல்லையேம்மா. அது நோய் இல்லை, ஒரு நிலை. நிலையெல்லாம் எதிர்க் குடில்."

"சரி, அங்கேயே சொல்றேன். இல்லாட்டி நானே திருப்பிடறேன்."

"கூடவே கூடாது! நோயாளியை யாரும் அசைக்கக் கூடாது. முதுகு விஷயம்."

"இப்பத்தானே நோயாளி இல்லன்னு சொன்னீங்க?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "நோயாளி இல்லாதவரையும் அசைக்கக் கூடாது" என்றார்.

எதிர்க் குடிலில் சொர்ணத்தாய் கேட்டவுடனேயே கண்கலங்கிவிட்டார். கரடிக்கு இளகிய மனது. "அடப்பாவமே, அந்தப் பெரியவரா? இதோ வந்துட்டேன். ஆமா, அவருக்கு வலி எதுவும் இல்லையே?"

"முன்கால் வலிக்குதுங்கறார்."

எழுந்த கரடி மறுபடி உட்கார்ந்துகொண்டது. "வலின்னா மருத்துவமாச்சே. வலி இருக்கறவங்களை நாங்க தொடக் கூடாதும்மா. வலி போனதும் வந்து சொல்லு, ஒரே தூக்குல திருப்பி வச்சுடறேன்."

"திருப்பினாத்தானே வலி போகும்?"

"அதை டாக்டர் எழுதிக் குடுக்கட்டும்."

டாக்டர் எழுதிக் கொடுக்கவில்லை. திருப்பியபின் வந்தால் பரிசோதித்து எழுதித் தருவதாகச் சொன்னார். காந்திமதி அந்த இருபது அடியை அன்றைக்குப் பதினோரு தடவை ஓடிக் கடந்தாள். பிறகு குளத்தில் இறங்கி ஒரு தாமரை இலையைப் பிய்த்துக்கொண்டு பள்ளத்துக்குத் திரும்பினாள். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. பொன்னுரங்கத்தின் கழுத்துத் தோல் காய்ந்து சுருங்க ஆரம்பித்திருந்தது. மல்லாந்த ஆமை சித்திரை வெயிலில் எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவள் இலையைக் குடையாகப் பிடித்தாள். ஓடி ஓடி வாயில் தண்ணீர் கொண்டுவந்து அவர் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

"நானே திருப்பிடட்டுமா அண்ணே? ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்றார் பொன்னுரங்கம்.

மறுநாள் அவள் தொகுதி உறுப்பினரைக் கூட்டிவந்தாள். அவர் கொற்றவேல் என்கிற இருவாட்சிப் பறவை. இருவாட்சிக்கு மூக்கு பெரிசு. அந்த மூக்கின்மேல் இன்னொரு மூக்கு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். அதனால் அவர் எதைப் பார்த்தாலும் முதலில் அவர் கண்ணில் படுவது அவரேதான். கிளையில் வந்தமர்ந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தவர் அப்படியே உருகிப் போனார்.

"இரண்டு குடிலுக்கு நடுவுல ஒரு குடிமகன்! அந்தப் பக்கம் மருத்துவம், இந்தப் பக்கம் பராமரிப்பு, நடுவுல கேட்பாரற்று ஒரு வயிறு! இதுக்கு ஒரு முடிவு கட்டாம விடமாட்டேன். ரெண்டு துறையையும் ஒண்ணாக்கி ஒரு சட்டம் கொண்டுவரேன். பெரியவரே, உங்க பேரால கொண்டுவரேன்."

"ரொம்ப நல்லதுங்க" என்றாள் காந்திமதி. "அதுக்கு முன்னாடி நீங்களே ஒரு வார்த்தை சொல்லி, இவரைக் கொஞ்சம் திருப்பி விட்டீங்கன்னா..."

கொற்றவேல் பதறிப் போனார். "என்னம்மா பேசறே? இப்ப இவரு நிமிர்ந்தா மசோதா கவிழ்ந்துடும்!"

பொன்னுரங்கம் அழுதார். மல்லாந்து கிடந்ததால் கண்ணீர் நெற்றியில் ஏறி ஓடியது. வருத்தத்தில் அழவில்லை. இத்தனை வருஷமாகச் சட்டத்தை மதித்தவரைத் தேடி ஒரு சட்டமே வருகிறது என்கிற பூரிப்பு. "நான் அசையமாட்டேன் ஐயா" என்று வாக்குக் கொடுத்தார். அசைய முடியாத நிலையில் இருந்தவர் கொடுத்த வாக்கு என்பதால் அதை நம்பலாம்.

சட்டமன்றம் கூடியது. 'தென்சரிவு ஒருங்கிணைந்த நல்வாழ்வு மற்றும் சமூகப் பராமரிப்பு (இணைப்பு, மறு இணைப்பு மற்றும் அதன் தொடர்ச்சி) மசோதா' என்று பெயரைப் படித்து முடிப்பதற்குள் மதிய உணவு இடைவேளை வந்துவிட்டது. மயில் உறுப்பினர் தன் எதிர்ப்பைத் தெரிவிக்கத் தோகையை விரித்தார். பின்வரிசையில் இருந்த யாருக்கும் அவை நடவடிக்கை தெரியவில்லை. முள்ளம்பன்றி உறுப்பினர் இருபக்கமும் தமக்கு நெருக்கமானவர்கள் யாரும் இல்லை என்று வருத்தப்பட்டார். தேவாங்கு உறுப்பினர் திங்கட்கிழமை எழுந்து "நான்" என்று தொடங்கி, "இதை" என்று தொடர்ந்து, வியாழக்கிழமை "ஆதரிக்கிறேன்" என்று முடித்தார்.

இந்தச் சமயம் முழுக்கக் காந்திமதி பள்ளத்தில்தான் இருந்தாள். வெயில் நகர நகரத் தாமரை இலையை நகர்த்தினாள். பிஞ்சு இலைகளைக் கிள்ளி ஊட்டினாள். ஈ ஓட்டினாள். எதிர்ப் புற்றுப் பாம்பு ஒருநாள் தலையை நீட்டி, "நாலு நாளா சண்டைக்கு வரலையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனது.

அந்த வாரக் கடைசியில் சபாநாயகர் யானை ஒரு சந்தேகம் கேட்டார். "ஆமைக்கு உதவி செய்யணும்னு சட்டம் போடறோம். ஆமைன்னா என்ன? யாராவது விளக்கம் எழுதியிருக்கீங்களா?"

யாரும் எழுதவில்லை. சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஆமை போகும்போது பார்த்து முடிக்கும் அளவுக்கு யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. எனவே ஆமையை நேரில் பார்த்து விளக்கம் எழுதிவரும்படி சட்ட வரைவு அலுவலரை அனுப்பினார்கள்.

வரைவு அலுவலர் ஒரு வௌவால்.

பகல் நேரம். பாதித் தூக்கத்தில் வந்த வௌவால் பள்ளத்துக்கு மேலே ஒரு கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஏட்டை விரித்தது. ஒரு கொட்டாவி விட்டுவிட்டுப் பொன்னுரங்கத்தைப் பார்த்தது. கால்கள் மேலே, உடம்பு கீழே. தன்னைப்போலவே ஒழுங்காக இருக்கும் ஒரு பிராணியை அந்தக் காட்டில் முதல்தடவையாகப் பார்த்த சந்தோஷம் அதன் முகத்தில் தெரிந்தது.

"கால் எத்தனை?"

"நாலுங்க."

"எந்தப் பக்கம்?"

"இப்போதைக்கு மேல் பக்கம்."

"'இப்போதைக்கு'ன்னு எழுத இதுல இடமில்லை. மேல் பக்கம். ஓடு?"

"அது எப்பவும் மேலேதாங்க இருக்கும். இப்ப மட்டும்..."

"கீழே இருக்கறது என் கண்ணுக்குத் தெரியுதே" என்றது வௌவால். எழுதியது. படமும் வரைந்தது. ஏட்டை மூடிக்கொண்டு அங்கேயே தூங்கிப்போனது.

பொன்னுரங்கம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தூங்குகிற அதிகாரியை எழுப்புவது மரியாதை இல்லை என்பதால் மெதுவாகத்தான் சொன்னார்.

ஆக, சட்டம் நிறைவேறியது. ஒருமனதாக. மரங்கொத்திகள் மேளம் அடித்தன. உறுப்பினர்கள் எல்லாருமே சட்டத்தின் தலைப்பைப் படித்திருந்தார்கள். கடைசியில் இருந்த இரண்டாம் அட்டவணையை யாரும் படிக்கவில்லை. அதில் இப்படி எழுதியிருந்தது: 'ஆமை என்பது, கால்கள் வானத்தை நோக்கியும் ஓடு தரையை நோக்கியும் அமைந்த பிராணி. (படம் காண்க.)'

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சட்டம் நன்றாக வேலை செய்தது. இரண்டு குடில்களையும் சேர்த்து ஒரே குடிலாக்கினார்கள். பழைய வாசல்களை அடைத்து ஒற்றைச் சாளரம் வைத்தார்கள். முன்பு முகம் கொடுத்துப் பேசாத உடும்பும் கரடியும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒருவர் கையெழுத்தை ஒருவர் பாராட்டும் அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். வீடு வீடாகப் பார்த்துத் தகவல் சொல்லக் கிளிகளை நியமித்தார்கள். யாராவது தும்மினால், மூக்கைத் துடைப்பதற்குள் இருவரும் வாசலில் வந்து நின்றார்கள்.

முதல் பயனாளி பொன்னுரங்கம்தான். கொற்றவேல் மாலையோடு வந்தார். டாக்டரும் சொர்ணத்தாயும் பள்ளத்தில் இறங்கினார்கள். காந்திமதி பன்னிரண்டு நாளாகப் பிடித்திருந்த தாமரை இலையைக் கீழே வைத்தாள்.

டாக்டர் அட்டவணையைப் பிரித்தார். "கால்கள் வானத்தை நோக்கி. சரி. ஓடு தரையை நோக்கி. சரி." படத்தையும் ஆமையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "பெரியவரே, எடுத்துவச்ச மாதிரி இருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணுமே இல்லை."

சொர்ணத்தாய் ஆனந்தக் கண்ணீர் விட்டார்.

"சட்டம் வந்த முதல் நாளே குணம்!" என்று கூவினார் கொற்றவேல். மாலையை ஒவ்வொரு காலிலும் மாட்டிப் பார்த்துக் கடைசியில் வாலில் மாட்டினார். எல்லாரும் கைதட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

பொன்னுரங்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"காந்திமதி."

"சொல்லுங்கண்ணே."

"நான் நல்லாயிருக்கேனாம்."

அவர் குரல் அதற்குமுன் அப்படி ஒடுங்கி அவள் கேட்டதில்லை. காந்திமதி எழுந்தாள். அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். முட்டையை உடைக்கக் கீரி எப்படிப் பின்னங்காலால் பாறையில் எற்றுமோ, அப்படி முன்னங்காலை ஊன்றி, பன்னிரண்டு நாள் ஆத்திரத்தையும் சேர்த்து ஓர் எற்று எற்றினாள். பொன்னுரங்கம் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, தொம்மென்று நான்கு காலில் வந்து நின்றார்.

அவர் முறைகேடு என்று சொல்லவில்லை. மூன்று அடி நடந்தார். குனிந்து புல்லை ஒரு வாய் கடித்தார். வெயில் வயிற்றில் படாமல் ஓட்டில் பட்டது. அதுவே அவருக்குப் பெரிய சுகமாக இருந்தது.

அப்போதுதான் மேலே போன கிளி பார்த்துவிட்டது.

"ஆபத்து! ஆபத்து! ஓர் ஆமை குப்புறக் கிடக்கிறது!"

இரண்டாவது வாய் புல்லை மெல்வதற்குள் கரடியும் உடும்பும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். "ஐயோ, என்ன ஆச்சு பெரியவரே? இப்பத்தானே நல்லா பார்த்துட்டுப் போனோம்!" என்று சொர்ணத்தாய் அவரை அலுங்காமல் தூக்கி, மண்ணைத் தட்டி, பக்குவமாக மல்லாக்கப் படுக்கவைத்தார். வயிற்றில் செல்லமாக ஒரு தட்டும் தட்டினார். "பயப்படாதீங்க. இனிமே நாங்க இருக்கோம்."

அவர்கள் போனதும் காந்திமதி எற்றினாள். கிளி கத்தியது. அவர்கள் வந்தார்கள். காந்திமதி எற்றினாள். கிளி கத்தியது. அன்று சாயங்காலத்துக்குள் ஆறு தடவை. ஆறாவது தடவை பொன்னுரங்கம் தள்ளாடி, "தலை சுத்துதும்மா" என்றார்.

"தலைசுற்றலா!" டாக்டர் வைத்தீஸ்வரனின் முகம் மலர்ந்துவிட்டது. "அது பட்டியல்ல இருக்கு!" அவரை மறுபடி மல்லாத்தி, வாய் நிறைய நிலவேம்புக் கஷாயம் ஊற்றிவிட்டுப் போனார்.

விஷயம் அவரோடு நிற்கவில்லை. தென்சரிவில் இன்னும் பதினோரு ஆமைகள் இருந்தன. யார் வம்புக்கும் போகாமல் வாழ்ந்தவர்கள். கிளிகள் ஒருவரையும் விடவில்லை. மறுநாள் மதியத்துக்குள் கரடியும் உடும்பும் பதினோரு பேரையும் கண்டுபிடித்து, மல்லாத்தி, தலைக்குப் புல்லும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சரிவு முழுக்கக் கால்கள் முளைத்திருந்தன. காந்திமதியிடம் இருந்ததோ ஒரு தாமரை இலை.

அவள் கொற்றவேலிடம் ஓடினாள். "ஐயா, சட்டத்துல ஒரு வரி தப்பு. அதை மாத்துங்க. பன்னிரண்டு உயிர் போயிடும்."

"திருத்தமா?" கொற்றவேல் புண்பட்டுப் போனார். "நேத்துப் பிறந்த சட்டம்மா அது. இன்னும் கண்ணே திறக்கலை. மூணு வருஷம் கழிச்சு மறு ஆய்வுக் குழு வரும், அதுல சொல்லு. ஆமைங்க படத்துல இருக்கற மாதிரி இருக்கறதுல அவங்களுக்கு என்ன கஷ்டம்?"

அங்கிருந்து வௌவாலிடம் ஓடினாள். கிளையோடு சேர்த்து உலுக்கி எழுப்பினாள்.

"நீங்க எழுதினது தப்புங்க. ஆமைன்னா கால் கீழே இருக்கணும்!"

"கால் கீழே இருந்தா அது ஆமையே இல்லை" என்றது வௌவால், கண்ணைத் திறக்காமல். "இரண்டாம் அட்டவணை."

"இல்லையா?" காந்திமதி மீசையைக் கோதிக்கொண்டு நின்றாள். "அப்ப நாலு காலில் நடந்து போற ஆமை, சட்டப்படி ஆமை இல்லையா?"

"இல்லை."

"அப்ப அது என்ன?"

"அதைச் சொல்றது என் வேலை இல்லை. ஒற்றைச் சாளரத்துல படிவம் ஏழு கேளு. இனம் தவறாகப் பதிவானவர்களுக்கானது. ஒரு விலங்கும் இதுவரை கேட்டதில்லை." மறுபடி தூங்கிப்போனது.

காந்திமதி பள்ளத்துக்குத் திரும்பிவந்து யோசனையைச் சொன்னாள். பொன்னுரங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பொய் சொல்றதா? படிவத்துலயா?"

"ஆமாண்ணே."

"சும்மா வாயால சொல்றதுன்னாக்கூட யோசிக்கலாம். படிவத்துல எப்படி தங்கச்சி?"

"அண்ணே, உங்களைப் பத்தி அவங்க சட்டத்துலயே பொய் எழுதியிருக்காங்க. நீங்க ஒரு படிவத்துல எழுதக் கூடாதா?"

பொன்னுரங்கம் மல்லாந்தபடியே கழுத்தை வளைத்துச் சரிவைப் பார்த்தார். பதினோரு பேரின் கால்களும் காற்றில் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. கடைசி வரிசையில் இருந்த ஓர் ஆமை மட்டும் அசைவதை நிறுத்தியிருந்தது. தூங்குகிறதா என்ன என்று இங்கிருந்து தெரியவில்லை.

"திருப்பு என்னை" என்றார்.

கிளிகள் வாயில் பழத்தோடு இருக்கிற மதிய வேளையாகப் பார்த்துக் காந்திமதி அவரை எற்றினாள். போகிற வழியில் அந்தக் கடைசி ஆமையின் வாயில் தண்ணீர் விட்டாள். கால் அசைந்தது. இருவரும் மூச்சு விட்டார்கள். பிறகு பொன்னுரங்கம் தன் வாழ்நாளில் முதன்முறையாக வேகமாக நடந்தார். கூட நடந்த காந்திமதிக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரிந்தது.

சாளரத்தில் சொர்ணத்தாய் இருந்தார். கீழே எட்டிப் பார்த்தவர், "ஐயையோ, குப்புறக்..." என்று எழுந்தார்.

"படிவம் ஏழு!" என்று கத்தினாள் காந்திமதி.

விதி என்றால் விதி. கரடி உட்கார்ந்து படிவத்தை எடுத்தது. "சரி, நீங்க ஆமை இல்லைன்னா என்ன இனம்?"

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த பதிலைப் பொன்னுரங்கம் சொன்னார். "பலாப்பழம்."

சாளரத்தின் ஓரத்தில் கரடியின் நாக்கு ஒருமுறை வந்துபோனது. முகம் கனிந்தது. "எவ்வளவு நாளா பழுத்திருக்கீங்க?" என்று கேட்டார் சொர்ணத்தாய்.

"கல்லு!" காந்திமதி குறுக்கே பாய்ந்தாள். "கல்லுன்னு எழுதுங்க. இவருக்குக் கொஞ்சம் பேச்சு தடுமாறும்."

பின்னாலிருந்து டாக்டர் தலையை நீட்டினார். "கல்லா? கல் பேசுமா?"

காந்திமதி பொன்னுரங்கத்தைப் பார்த்தாள். பொன்னுரங்கம் தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார். டாக்டர் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். டொக் என்றது.

"நீர் கல்தானா?" என்று கேட்டார்.

பதில் இல்லை.

"பேசலை. கல்தான்" என்று எழுதி முத்திரை குத்தினார். 'மருத்துவமும் பராமரிப்பும் தேவைப்படாத பொருள்' என்று ஓட்டின் மேலேயே ஒரு சீட்டையும் ஒட்டினார்.

அன்று பொழுது சாய்வதற்குள் மற்ற பதினோரு கற்களும் பதிவாகிவிட்டன. மறுநாள் சரிவில் கற்கள் புல் மேய்வதை ஒரு கிளி பார்த்து ஓடிவந்து சொன்னது. "கல் நடக்கறது சுரங்கத் துறை. நமக்கு ஏன்?" என்றார் சொர்ணத்தாய். அந்தக் காட்டில் சுரங்கத் துறை கிடையாது.

பொய் சொன்ன குறுகுறுப்பு பொன்னுரங்கத்துக்கு ஒரு வாரம் இருந்தது. ஒருநாள் கனவில் படிவம் ஏழு வந்து அவரை முறைத்தது. அப்புறம் முதல் மழை பெய்தது. பிஞ்சுக் கீரை முளைத்தது. குறுகுறுப்பு கீரையில் மறந்துபோனது.

சட்டத்தின் ஓராண்டு நிறைவு விழாவைத் தென்சரிவிலேயே நடத்தினார்கள். சட்டமன்றமே வந்திருந்தது. முன்வரிசையில் யானை. டாக்டரும் சொர்ணத்தாயும் ஒரே மாதிரி துண்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். கொற்றவேல் பேச எழுந்தார். எல்லாரும் பார்க்க வேண்டுமே என்று சுற்றுமுற்றும் பார்த்து, உருண்டையாக, வாகாக இருந்த ஒரு கல்லின்மேல் ஏறி நின்றுகொண்டார்.

"இந்தச் சட்டத்துக்கு முன்னாடி தென்சரிவில் ஆமைகள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்! இன்றைக்கு ஒற்றைச் சாளரத்தில் ஓர் ஆமை வந்து நிற்கிறதா? இல்லை! குறை சொல்ல ஓர் ஆமை உண்டா? இல்லை! பதிவேட்டைப் பாருங்கள், ஆமை நோய் பூச்சியம்! ஆமையும் பூச்சியம்!"

கைதட்டல் காட்டைப் பிளந்தது.

கல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் மணிநேரம் நல்ல பேச்சுதான். இரண்டாவது மணிநேரம் கொற்றவேல் தன் இளமைக்காலத்துக்குப் போனபோது கல்லுக்குப் பசித்தது. சற்றுத் தள்ளி ஒரு சுரைக்கொடி பூத்திருந்தது. கல் நான்கு கால்களை வெளியே நீட்டி நகர ஆரம்பித்தது.

கொற்றவேல் நிறுத்தவில்லை. பேச்சின் வேகத்தில் பூமி நகர்வது அவருக்குப் புதிதல்ல. கூட்டம்தான் ஒரு கணம் திகைத்தது. பிறகு பின்வரிசையில் யாரோ, "சீர்திருத்தம் நகருது!" என்று கத்தினார்கள். அவ்வளவுதான். மரங்கொத்திகள் மேளத்தை எடுத்தன. யானை எழுந்து பின்னால் நடந்தார். சட்டமன்றம் முழுதும் அவருக்குப் பின்னால், ஓர் அடிக்கு ஒரு நிமிஷம் என்கிற வேகத்தில், கம்பீரமாக ஊர்வலம் போனது. காந்திமதி ஒரு புதருக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

ஊர்வலத்தில் டாக்டர் வைத்தீஸ்வரன் குனிந்து உற்றுப் பார்த்தார். "சொர்ணம்மா, அந்தக் கல்லுக்குக் கால் இருக்கு."

சொர்ணத்தாயும் பார்த்தார். "இருந்தா என்ன டாக்டர்? தரையிலதானே இருக்கு. நல்லவேளை, ஆமையா இருந்தா இந்நேரம் நாம தூக்கிக்கிட்டு ஓடியிருக்கணும்."

கல் சுரைக்கொடியை அடைந்து ஒரு பூவைக் கடித்தது. கொற்றவேல் சட்டத்தின் இரண்டாம் கட்டத்தை அறிவித்தார். இந்தத் தடவை நத்தைகளுக்கு.

புல்லுக்குள் ஒரு நத்தை காந்திமதியிடம் மெதுவாக ஊர்ந்து வந்து கேட்டது: "அக்கா, அந்தப் படிவம் ஏழு எங்க கிடைக்கும்?"

நீதி: நலத்திட்டம் உங்களைத் தேடி வரும்போது நீங்கள் வேறு யாராகவாவது இருப்பது உடம்புக்கு நல்லது. பலாப்பழமாக மட்டும் இருக்க வேண்டாம்.